கப்பல் சுற்றுலாவுக்கு ஆள் சேர்ப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரங்களில் சொகுசுக் கப்பல் பயணத்துக்குக் குழு சேர்த்து அழைத்துச் செல்லும் ஏற்பாட்டாளர்களுக்கு வணக்கம்.

வால்பாறை மலைப்பாதையின் 40 கொண்டை ஊசி வளைவுகளுக்கே இஞ்சி மரப்பாவும் எலுமிச்சம்பழமுமாகப் பேருந்து ஏறும் பெரியவர்களிடம், "ஸ்டெபிலைசர் இருக்கிறது, கப்பல் ஆடவே ஆடாது" என்று சொல்லிப் பணம் வாங்குவது முறையன்று. நீருக்கடியில் இருபுறமும் நீளும் அந்தத் தகடுகள் பக்கவாட்டு ஆட்டத்தைத்தான் குறைக்கும். முன்பக்கம் ஏறி இறங்கும் ஆட்டத்துக்கு அவற்றால் பெரிய பயனில்லை.

என் முதன்மையான கோரிக்கை அறை ஒதுக்கீடு பற்றியது. மேல்தளத்தில், கப்பலின் முன்பகுதியில், பால்கனியோடு கூடிய அறையை மேலானது என்று கூடுதல் விலைக்குத் தருகிறீர்கள். ஆட்டம் மிகுதியாகத் தெரிவதும் அங்கேதான். நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் உள்ள அறைகளே அசைவு குறைந்தவை. அவற்றுக்கு விலையும் பெரும்பாலும் குறைவு, அதனால்தானோ என்னவோ விளம்பரத் தாளின் கடைசி வரியில் கிடக்கின்றன. பேருந்தில் வாந்தி வருமா என்ற கேள்வியைப் பதிவுப் படிவத்திலேயே சேர்த்து, வரும் என்பவர்களுக்கு அந்த அறைகளை முதலில் ஒதுக்குங்கள்.

அடுத்தது மாத்திரை. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ஆட்டத்தை உணர, மூடிய அறைக்குள் கண்ணோ எதுவும் அசையவில்லை என்று சொல்ல, இந்த முரண்பாட்டில்தான் குமட்டல் பிறக்கிறது. எனவே கைப்பேசியை வைத்துவிட்டு, தளத்துக்கு வந்து தொடுவானத்தைப் பார்த்தபடி காற்றாட நிற்கச் சொல்லுங்கள். அவோமின் போன்ற வாந்தித் தடுப்பு மாத்திரைகளைக் கப்பல் ஆடத் தொடங்கும் முன்பே போட வேண்டும். வாந்தி தொடங்கிய பின் விழுங்கினால் வயிற்றில் தங்காது. அவை தூக்கத்தை வரவழைக்கும் என்பதோடு, கண்ணில் நீர் அழுத்தமோ புராஸ்டேட் வீக்கமோ உள்ளவர்களுக்கு ஆகாமல் போகலாம். ஆகவே துறைமுக வரிசையில் அட்டையைக் கிழித்து ஆளுக்கொன்றாகக் கொடுக்காமல், ஒரு வாரம் முன்பே அவரவர் மருத்துவரைக் கேட்டு வரச் சொல்வதே சரி. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டபின் உண்டது வெளியே வந்துவிட்டால் சர்க்கரை அளவு இறங்கிவிடக்கூடும் என்பதையும் அப்போதே விசாரித்து வரட்டும்.

ஏறும் முன் பிரியாணி விருந்து வேண்டாம், இட்லி போதும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் அரபிக்கடல் கொந்தளிக்கும் என்பதால், அம்மாதங்களில் முதியோர் குழுவைக் கொச்சி வழியாகக் கடலுக்கு அழைத்துச் செல்லாதீர்கள்.

அடுத்த குழுவுக்கான படிவம் அச்சாகும் முன் இவற்றைச் சேர்க்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பெற்றோரைக் கப்பலுக்கு அனுப்பவிருக்கும் கோபிசெட்டிபாளையத்துக்காரன்