பாதி நேரம் கேட்டு வாங்கியவருக்கு

அன்புள்ள கீடோ வான் ராசம் அவர்களுக்கு,

வணக்கம். உங்களுக்குத் தமிழ் தெரியாது என்று தெரிந்தேதான் தமிழில் எழுதுகிறேன். என் புரோகிராமில் மாறிகளுக்கு ‘சீர்’, ‘தளை’, ‘அசை’ என்று தமிழிலேயே பெயர் வைத்திருக்கிறேன். நீங்கள் உருவாக்கிய பைத்தான் என்ற புரோகிராமிங் மொழி அதை மறுப்பில்லாமல் ஓட்டுகிறது. அதற்கான நன்றியை வேறு மொழியில் சொல்ல மனம் வரவில்லை. இன்னொரு காரணமும் உண்டு. அடுத்த மாதம் நான் வேலை மாறுகிறேன். அந்த முடிவை எடுப்பதற்கு முன் நீங்கள் வேலை மாறிய கதையைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

உங்களைப் பற்றிப் பேசுபவர்கள் 1989 கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஆரம்பிப்பார்கள். ஆம்ஸ்டர்டாமில் நீங்கள் வேலை பார்த்த சி.டபிள்யூ.ஐ. ஆய்வு நிறுவனத்துக்கு விடுமுறை, வீட்டில் ஒரு கம்ப்யூட்டர், கையில் வேறு வேலை இல்லை, பைத்தான் பிறந்தது என்பார்கள். எனக்கு அதற்கு முந்தைய பகுதிதான் பெரிதாகப் படுகிறது. அதே நிறுவனத்தில் ‘ஏபிசி’ என்ற மொழியை உருவாக்கும் குழுவில் சில ஆண்டுகள் உழைத்தீர்கள். புதிதாகக் கற்பவர்களுக்கான மொழி அது. வரிகளை உள்ளே தள்ளி எழுதினாலே போதும், அதுவே கட்டமைப்பு என்பது அங்கிருந்து நீங்கள் எடுத்து வந்ததுதான். ஆனால் ஏபிசி பரவவில்லை. திட்டத்தை மூடினார்கள். நீங்கள் ‘அமீபா’ என்ற இயங்குதளக் குழுவுக்குப் போனீர்கள். அங்கே சின்னச் சின்ன நிர்வாகக் கருவிகளைக்கூட சி மொழியில் எழுத வேண்டியிருந்தது. ஒவ்வொன்றும் நாட்களைத் தின்றது. கட்டளைகளை வரிசையாக எழுதி ஓட்டும் யூனிக்ஸ் ஷெல்லும் அதற்குச் சரிப்படவில்லை.

திட்டம் மூடப்பட்டு வேறு குழுவுக்கு மாற்றப்படுவது எங்கள் ஐ.டி. கம்பெனிகளில் அன்றாடம் நடப்பது. பழைய புரோகிராமை அப்படியே விட்டுவிட்டு, புதுக் குழுவில் யாரிடம் எதைக் கேட்பது என்று தடுமாறிக்கொண்டே சில மாதங்கள் போகும். நீங்கள் மூடிய திட்டத்தைத் திறந்து பார்த்தீர்கள். பிடித்ததை எடுத்துக்கொண்டீர்கள். வெளியாட்கள் எதையும் எளிதில் சேர்க்க முடியாத அதன் அமைப்பை மட்டும் விட்டுவிட்டீர்கள். 1991 பிப்ரவரியில் பைத்தானின் 0.9.0 பதிப்பை யாரும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டீர்கள். தோற்றுப்போன ஒரு திட்டத்தில் செலவிட்ட ஆண்டுகள் வீணில்லை என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியாது.

பிறகு நீங்கள் மாறிய இடங்கள்தான் எத்தனை! 1995-இல் அமெரிக்காவின் வர்ஜீனியா. 2000-த்தில் ஒரே ஆண்டுக்குள் இரண்டு கம்பெனிகள். 2005 இறுதியில் கூகுள். 2013-இல் டிராப்பாக்ஸ். 2019-இல் ஓய்வு. ஓய்வு சலித்துப்போய் 2020 நவம்பரில் மைக்ரோசாஃப்ட்.

இந்த வரிசையை ஒரு ரெஸ்யூமேயில் பார்த்தால் எங்கள் ஊர் ஹெச்.ஆர். புருவத்தைத் தூக்குவார். நான் பார்த்தது வேறு. கூகுளில் இருந்தபோது உங்கள் நேரத்தில் பாதி பைத்தானுக்குப் போனது. மீதிப் பாதியில் அவர்களுக்கு ‘மாண்ட்ரியன்’ என்ற கோட் ரிவ்யூ (ஒருவர் எழுதிய புரோகிராமை மற்றவர் பார்த்துத் திருத்தும்) கருவியைச் செய்து கொடுத்தீர்கள், அதுவும் பைத்தானிலேயே. டிராப்பாக்ஸில் பைத்தான் கோட் மலையாகக் குவிந்து கிடந்தது. எந்த மாறியில் எண் வரும், எதில் சொல் வரும் என்று ஊகிப்பதே வேலையாக இருந்திருக்கும். யுக்கா லெஹ்டொசாலோ கேம்பிரிட்ஜில் தன் முனைவர் பட்ட ஆய்வுக்காகத் தொடங்கிய ‘மைபை’ என்ற சரிபார்ப்புக் கருவி அங்கே வளர்ந்தது. 2019-இல் அந்தக் கம்பெனியின் 40 லட்சம் வரிகளை அது சரிபார்த்துக்கொண்டிருந்தது. கம்பெனிக்கு வந்த தலைவலி மொழிக்கு மருந்தானது. மைக்ரோசாஃப்டில் எதைச் செய்வது என்று நீங்களே தேர்ந்துகொள்ளலாம் என்றபோது, பைத்தானை வேகமாக்கும் வேலையைக் கேட்டீர்கள். 2022 அக்டோபரில் வந்த 3.11 பதிப்பு முந்தையதைவிடச் சராசரியாக 25 சதவீதம் வேகமாக ஓடியது.

முதலாளிகள் மாறினார்கள், நீங்கள் கேட்டது மாறவில்லை. நான் உங்களிடம் கற்றுக்கொண்டது இதைத்தான்.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சென்னையில் ஒரு சர்வீஸ் கம்பெனியில் வெளிநாட்டு இன்சூரன்ஸ் நிறுவனத்தின் மெயின்ஃப்ரேமைப் பராமரிக்கும் வேலையில் சேர்ந்தேன். கோபோல் (COBOL) என்ற புரோகிராமிங் மொழி. அதன்பின் ஜாவா, அதன்பின் டெஸ்டிங், இப்போது டேட்டா. ஒவ்வொரு முறையும் மாற்றத்தை முடிவு செய்தது பிராஜெக்ட்தான். மாலையில் மட்டும் எனக்கென்று ஒன்று இருந்தது. வெண்பாவின் இலக்கணம் சரியா என்று சோதிக்கும் புரோகிராம்.

கேட்க எளிதாகத் தெரியும். எழுத்தை அசையாக்க வேண்டும், அசையைச் சீராக்க வேண்டும், சீருக்கும் அடுத்த சீருக்கும் இடையே தளை பார்க்க வேண்டும். மா முன் நிரை, விளம் முன் நேர், காய் முன் நேர். எங்கள் இலக்கணம் பாதி கோடாகவே எழுதப்பட்டிருக்கிறது! டெஸ்ட் கேஸ்களுக்கும் பஞ்சமில்லை. வள்ளுவர் 1330 குறள் வெண்பாக்களைத் தந்துவிட்டுப் போயிருக்கிறார். ஆனால் 1200-ஆவது குறளில் ‘செறாஅஅய்’ என்று ஒரு சீர் வருகிறது. எங்கோ எடுத்த கோப்பில் யாரோ அதை எழுத்துப்பிழை என்று எண்ணி ‘செறாய்’ என்று திருத்தியிருந்தார்கள். புரோகிராம் அந்தக் குறளை ஏற்க மறுத்தது. அளபெடையை நீக்கினால் இரண்டு அசை ஒன்றாகிவிடும், சீரே நிற்காது. என் புரோகிராம் ஒரு திருத்தத்தைப் பிடித்துக் கொடுத்த அந்த இரவில் எனக்கு உறக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

இதெல்லாம் முடிந்ததற்கு 2008 டிசம்பரில் நீங்கள் வெளியிட்ட பைத்தான் 3 காரணம். பழைய கோடெல்லாம் உடைகிறது என்று எத்தனை பேர் உங்களைத் திட்டினார்கள்! பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1 அன்று முடியும்வரை அந்தச் சண்டை ஓயவில்லை. எங்கள் பக்கத்திலிருந்து அது எப்படித் தெரிந்தது என்று சொல்ல வேண்டும். பைத்தான் 2-இல் ‘தமிழ்’ என்ற சொல்லைச் சாதாரணமாக எழுதி நீளம் கேட்டால் 15 என்று வரும், கம்ப்யூட்டர் சேமிக்கும் பைட்களின் கணக்கு அது. பைத்தான் 3-இல் 5 வரும், யூனிகோட் கணக்கு, அதில் இகரக் குறியும் புள்ளியும் தனித்தனி. எங்கள் கணக்கில் மூன்று எழுத்து. ஐந்திலிருந்து மூன்றுக்கு வர, மெய்யோடு அதன் குறியைச் சேர்க்கும் சில வரிகள் போதும், அதை நாங்களே எழுதிக்கொள்வோம். பதினைந்திலிருந்து ஐந்துக்கு வந்த தூரத்துக்குத்தான் நீங்கள் அத்தனை வசையையும் வாங்கினீர்கள்.

2018 ஜூலையில், ஒரே ஒரு குறியீட்டைப் பற்றிய சர்ச்சையில் மனம் களைத்துப் பைத்தானின் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினீர்கள். அப்போது வருத்தமாக இருந்தது. ஆனால் உங்களுக்குப் பின் யார் என்று நீங்கள் கைகாட்டவில்லை. மொழியை உருவாக்குபவர்கள் கூடிப் பேசி ஐந்து பேர் கொண்ட குழுவைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த முதல் குழுவில் நீங்களும் ஓர் உறுப்பினராக உட்கார்ந்தீர்கள். அதிகாரத்தை விட்ட பிறகும் வேலையை விடாதவர் நீங்கள்.

இந்த முறை நேர்முகத் தேர்வில் சம்பளம் பேசும் கட்டம் வந்தபோது, வாரத்தில் ஒரு நாள் தமிழ் மொழிக் கருவிகளுக்கு வேண்டும் என்று கேட்டேன். வாழ்க்கையில் முதல்முறையாக அப்படிக் கேட்டேன். எதிரே இருந்தவர் யோசித்தார். என் வெண்பா புரோகிராமைத் திறந்து காட்டச் சொன்னார். சம்பளத்தில் கொஞ்சம் குறைத்துக்கொண்டு அந்த நாளைக் கொடுத்தார்கள். பாதி நேரம் இல்லைதான். எனக்கு இப்போதைக்கு அது போதும்.

முதல் வெள்ளிக்கிழமையில் ஆசிரியப்பாவைத் தொடங்குகிறேன். சங்கப் பாடல்களில் பாட வேறுபாடுகள் நிறைய. எந்தப் பதிப்பை எடுத்துக்கொள்வது என்பதே முதல் சிக்கல்.

நன்றியுடன்,
சென்னையிலிருந்து ஒரு பைத்தான் புரோகிராமர்