ஜனவரி வருமுன் ஒரு வேண்டுகோள்: மலையக விடுதியாளர்களுக்கும் வழிகாட்டிகளுக்கும் திறந்த மடல்

நுவரெலியா, நானுஓயா, ஹட்டன், அப்புத்தளை, எல்ல ஆகிய இடங்களில் விடுதி நடத்துகின்றவர்களுக்கும், மலைப்பாதைகளில் பயணிகளை அழைத்துச் செல்லும் என் சக வழிகாட்டிகளுக்கும் வணக்கம்.

கடந்த ஜனவரி மாதத்தில் ஒரு நாள் காலை எட்டரை மணியளவில், நுவரெலியா குதிரைப் பந்தயத் திடலின் ஓரத்தில் மட்டக்களப்பிலிருந்து வந்த ஒரு குடும்பத்தைச் சந்தித்தேன். இரவு முழுவதும் வான் ஓட்டி வந்திருந்தார்கள். இரண்டு சிறுவர்கள் புதிதாக வாங்கிய கம்பளிச் சட்டையும் குல்லாயும் அணிந்து நின்றார்கள். “நுவரெலியாவில் பனிப்பொழிவு” என்று ஒரு விடுதி படத்துடன் வெளியிட்டிருந்த செய்தியை நம்பி, அந்த விடுதியிலேயே இரண்டு அறைகளுக்கு முன்பணமும் கட்டியிருந்தார் தகப்பனார். ஈரமான புல்லைக் காட்டி, “அண்ணன், பனி எந்தப் பக்கம் விழுகிறது?” என்று அவர் என்னிடம் கேட்டபோது, இந்தத் தொழிலைச் செய்கின்றவன் என்ற முறையில் எனக்கு முகம் கொடுக்க முடியவில்லை.

அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் எதுவும் விழுவதில்லை என்பது நம் எல்லோருக்கும் தெரியும். இங்கே ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் வருவது துகள் உறைபனி. முகில் இல்லாத, காற்று அசையாத இரவில் நிலம் தன் வெப்பத்தை வானுக்கு விட்டுவிடுவதால், ஆள் உயரத்தில் வைத்த வெப்பமானி மூன்று அல்லது நான்கு பாகையைக் காட்டும்போதே புல்நுனி பூச்சியத்துக்குக் கீழே போய்விடுகிறது. அதில் படிந்த ஈரம் வெள்ளையாக உறைகிறது. வெயில் பட்டுச் சிறிது நேரத்தில் அது கரைந்துவிடும். பயணிக்கு அது ஒரு காட்சி. தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்பவர்களுக்கோ அது கருகிய கொழுந்து, குறைந்த நிறை, குறைந்த வேலைநாள். உருளைக்கிழங்கு போட்டவர்களுக்கு நட்டம். அதைப் ‘பனிப்பொழிவு’ என்று எழுதுவதை இவ்வளவு காலமும் சின்னப் பொய்யாகவே நானும் விட்டுவைத்திருந்தேன். இனியும் அப்படி விடக்கூடாது என்று எண்ணுவதற்குக் காரணம் உண்டு.

நான் நான்கு குளிர்காலங்கள் சுவிட்சர்லாந்தின் மலையூர் ஒன்றில், ஹோட்டல் சமையலறையில் வேலை செய்தவன். அங்கே பனிச்சறுக்கு விளையாட வருகின்றவர்கள் காலையில் முதலில் கேட்பது தேநீரையோ ரொட்டியையோ அல்ல. நேற்றிரவு எத்தனை சென்றிமீற்றர் புதுப்பனி விழுந்தது என்பதைத்தான். வரவேற்பறையில் இருந்த கரும்பலகையில் அந்த எண்ணை எழுதுவது சில காலம் என் வேலையாக இருந்தது. எண்ணை மேலாளர் சொல்வார்; நான் எழுதுவேன். பின்வாசலில் பனியை வாரித் தள்ளுவதும் என் வேலையாகவே இருந்தபடியால், வெள்ளிக்கிழமைகளில் பலகையில் ஏறும் எண் என் மண்வெட்டிக்குத் தெரியாமல் ஏறுவதைக் கவனித்தேன். ஆண்டுதோறும் வந்து தங்கும் ஒரு வயதான அம்மையார் அந்தப் பலகையை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். சமையலறைப் பக்கமாக வந்து, இன்று பின்வாசலில் எவ்வளவு உயரத்துக்கு வாரினாய் என்று என்னிடம் கேட்பார். நான் கையால் காட்டுவேன். அதன் பிறகே காலணியைக் கட்டுவார்.

பனியை அளப்பதற்கு ஒழுங்கான முறை இல்லாமலில்லை. காற்று அடித்துக் குவிக்காத திறந்த இடத்தில் ஒரு வெள்ளைப் பலகையை வைத்து, 24 மணி நேரத்தில் அதன்மேல் சேர்ந்த பனியை அளந்து, பலகையைத் துடைத்து மறுபடி வைக்க வேண்டும். புதுப்பனி தன் பாரத்தாலேயே அமுங்கிக்கொண்டிருக்கும். ஆகவே, மணிக்கொரு தடவை அளந்து துடைத்து எல்லாவற்றையும் கூட்டினால், அதே பனிக்குப் பெரிய எண் கிடைத்துவிடும். ஊரில் அளக்காமல் சிகரத்தில் மட்டும் அளந்தாலும், காற்று குவித்த மேட்டில் கோலை நட்டாலும், நேற்றைய பனியை இன்றைய கணக்கில் சேர்த்தாலும் அப்படியே. இவற்றில் எதையும் முழுப்பொய் என்று பிடித்துவிட முடியாது. எங்கே, எப்போது, யார் அளந்தார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டாலே போதும், எண் தானாக வளர்ந்துகொள்ளும்.

இதை ஆராய்ந்து எழுதியவர்களும் உண்டு. அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியைச் சேர்ந்த ஜொனதன் சின்மன், எரிக் சிட்செவிட்ஸ் என்னும் இரு பொருளியலாளர்கள், பனிச்சறுக்கு மையங்கள் தாமே வெளியிட்ட பனி அளவுகளை அரசாங்க வானிலை நிலையங்களின் அளவுகளோடு ஒப்பிட்டார்கள். வார இறுதி நாட்களில் அந்த மையங்கள் மற்ற நாட்களைவிட 23 சதவீதம் கூடுதலான புதுப்பனியை அறிவித்திருந்தன. சனி, ஞாயிறு பார்த்துப் பனி அதிகமாக விழுவதற்கு இயற்கையில் காரணம் எதுவும் இல்லை. கூட்டம் வருவது அந்த நாட்களில் என்பதே காரணம். 2016 இல் அச்சான அந்த ஆய்வில் என்னை இன்னும் அதிகமாகத் தொட்ட செய்தி வேறொன்று. சறுக்க வந்தவர்கள் மலையில் நின்றபடியே பனியின் உண்மை நிலையை ஒருவருக்கொருவர் அறிவிக்க ஐபோனில் வழி வந்த பிறகு, மிகைப்படுத்தல் சட்டென்று குறைந்தது. தொலைபேசிச் சமிக்ஞை நன்றாகக் கிடைத்த மையங்களில் இன்னும் அதிகமாகக் குறைந்தது.

அதே சுவிட்சர்லாந்தில் யாரும் சந்தேகிக்காத ஓர் அறிக்கையும் உண்டு. டாவோஸ் நகரிலுள்ள பனி, பனிச்சரிவு ஆய்வு நிலையம் குளிர்காலத்தில் நாளுக்கு இரண்டு தடவை பனிச்சரிவு அபாய அறிக்கையை வெளியிடுகிறது. லிஃப்ட் சீட்டு விற்பது அந்த நிலையத்தின் தொழில் அல்ல. அபாயத்தை ஐந்து படிகளாகச் சொல்வார்கள். ஐந்தாம் படியில் மக்கள் வீட்டில் இருந்துவிடுவார்கள். அங்கே பனிச்சரிவில் இறப்பவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் இறப்பது, நடுவிலுள்ள மூன்றாம் படி அறிவிக்கப்பட்ட நாட்களில்தான். நாம் பயணிகளிடம் “சுமாரான மழைதான், போகலாம்” என்று சொல்லும் போதெல்லாம் அந்த மூன்றாம் படி என் நினைவுக்கு வருகிறது.

நம் மலைக்கு வருவோம். பட்டிப்பொலவுக்கும் ஒஹியவுக்கும் இடையே சுரங்கத்துக்குள் நுழையும்போது மழை பெய்வதும், வெளியே வந்தால் வெயில் அடிப்பதும் ரயிலில் போன எல்லோரும் கண்ட காட்சி. தென்மேற்குப் பருவத்தில் கினிகத்தேனை கொட்டும் மழையில் நனைய, வெலிமடை காய்ந்து கிடக்கும். இப்படிப்பட்ட நாட்டில் “மலையகத்தில் இன்று காலநிலை நன்று” என்ற ஒரு வரிக்கு என்ன பொருள் இருக்க முடியும்? ஹோர்ட்டன் சமவெளியில் ‘உலக முடிவு’ என்னும் செங்குத்துப் பாறை விளிம்பைக் காலை ஒன்பது, பத்து மணிக்குள் முகில் மூடிவிடும் நாட்களே அதிகம் என்று தெரிந்திருந்தும், ஆற அமரக் காலை உணவு முடித்துப் போனாலும் எல்லாம் தெரியும் என்று சொல்லி அனுப்புகின்றவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அங்கே இழப்பு ஒரு காட்சியும் நுழைவுக் கட்டணமும் மட்டுமே. தியலும நீர்வீழ்ச்சியின் மேலே, பாறைக் குழிகளில் குளிக்க அனுப்பும்போது இழப்பு அவ்வளவோடு நிற்பதில்லை. 220 மீற்றர் விழும் அந்த நீரின் விளிம்பில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும் நேரத்திலேயே, கண்ணுக்கு எட்டாத மேல்மலையில் பெய்த மழை சில நிமிடங்களில் இறங்கி வந்துவிடும். அந்த இடம் கொஸ்லந்தைக்கு அருகில் இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29 காலையில் மீரியபெத்தவில் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களின் மேல் மண் சரிந்து நம் மக்களைப் புதைத்ததும் அதே கொஸ்லந்தையில்தான். மழையைப் பற்றி அசட்டையாகப் பேச உரிமையுள்ள கடைசி மனிதர்கள் நாம்.

வழிகாட்டிகளைக் குறை சொல்வது எளிது. நான் அதைச் செய்ய விரும்பவில்லை. நம்மில் பெரும்பாலோர் தோட்டங்களில் பிறந்த பிள்ளைகள். பயணம் நடந்தால் கூலி, நடக்காவிட்டால் வெறுங்கை என்ற ஏற்பாட்டில், விடியற்காலை ஐந்து மணிக்கு விடுதி வாசலில் நிற்கும் ஓர் இளைஞனிடம் “பாதை எப்படி?” என்று கேட்டால், அவன் வாயிலிருந்து என்ன பதில் வரும்? அவன் வீட்டு அரிசி அந்தப் பதிலில் இருக்கிறது. இதனால்தான் விடுதியாளர்களிடம் என் முதல் வேண்டுகோளை வைக்கிறேன்: காலநிலையைக் காரணம் காட்டி ஒரு வழிகாட்டி பயணத்தை நிறுத்தினாலோ பாதி வழியில் திருப்பினாலோ, அன்றைய கூலியில் பாதியையாவது அவருக்குக் கொடுங்கள். இந்த ஒன்றைச் செய்யாமல் உண்மையான பாதை நிலவரத்தை அவர்களிடம் எதிர்பார்ப்பது நியாயமாகாது.

அடுத்து, எந்தச் செய்தியை வெளியிட்டாலும் அதைக் கண்ட இடத்தையும் நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள். “இன்று காலை 6.10, பந்தயத் திடல், புல்லில் துகள் உறைபனி” என்று எழுதினால் வருகின்றவர் தாமே முடிவு செய்துகொள்வார். பழைய படத்தைப் போடாதீர்கள். ஆலங்கட்டி மழை பெய்த நாளின் படத்தை உறைபனி என்று போடாதீர்கள். தோட்டங்கள் பலவற்றில் மழைமானி இருக்கிறது. நாள்தோறும் குறித்தும் வைக்கிறார்கள். அறை விற்பதால் ஒரு சதமும் அடையாத அந்தக் குறிப்பேட்டிலிருந்து எண்ணைக் கேட்டு வாங்கி, விடுதி வாசலில் எழுதி வைப்பதற்கு ஒரு சுண்ணக்கட்டி போதும். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்கு வரும் பெண்களிடம் மேல்மலை ஓடை எப்படி என்று கேட்பதற்கு அதுகூடத் தேவையில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழையை மண்சரிவு பற்றிய விழிப்புக்கும், 100 ஐ எச்சரிக்கைக்கும், 150 ஐ வெளியேறுவதற்கும் உரிய அளவுகளாக வைத்திருக்கிறது. அந்த அறிவிப்பு வந்த நாளில் அதை விருந்தினரின் தாய்மொழியில் அவர் கையில் கொடுங்கள். வாடகை திருப்பிக் கேட்பார் என்று மறைக்க வேண்டாம்.

உண்மையைச் சொன்னால் விருந்தினர் தென்கரையிலுள்ள மிரிஸ்ஸவுக்குப் போய்விடுவார் என்று ஒரு நண்பர் என்னிடம் சொன்னார். சிலர் போவார்கள். அந்த நாள் வருமானம் போவது சிறிய விடுதிக்கு எவ்வளவு பெரிய அடி என்பதை நான் அறியாதவன் அல்லன். ஆனால் அந்த மட்டக்களப்புக் குடும்பம் அன்று ஒன்பது மணிக்கெல்லாம் ஈரப்புல்லின் படத்தை ஊருக்கு அனுப்பிவிட்டது. அடுத்த ஆண்டு அவர்களும் வரப்போவதில்லை, அவர்கள் தெருவும் வரப்போவதில்லை. சுவிட்சர்லாந்து அம்மையாரோ, பொய்ப் பலகை தொங்கிய அதே ஹோட்டலுக்கு ஆண்டு தவறாமல் வந்துகொண்டிருந்தார், பின்வாசலில் உண்மை கிடைத்தபடியால்.

வருகிற ஜனவரி முதலாம் திகதியிலிருந்து நானுஓயாவில் என் வீட்டுப் பின்புறப் புல்லில் ஒரு வெப்பமானியை வைத்து, காலை ஐந்தரை மணிக்கு அது காட்டுவதை எழுதி நானுஓயா ரயில் நிலையத்துக்கு வெளியே நிற்கும் ஓட்டோக்காரர்களிடம் கொடுக்கிறேன். உறைபனி இல்லாத நாளில் இல்லை என்றே எழுதுவேன். அப்புத்தளையிலும் எல்லவிலும் ஹட்டனிலும் உங்களில் ஒவ்வொருவர் இதேபோலச் செய்ய முன்வந்தால், கூலி பற்றிய ஏற்பாட்டைப் பேசித் தீர்க்க டிசம்பர் மாதத்துக்குள் ஒரு நாள் கூடுவோம். இடத்தையும் நாளையும் நீங்களே குறியுங்கள், நான் வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
நானுஓயாவிலிருந்து ஒரு மலைப்பாதை வழிகாட்டி