மலை ரயிலில் வேலைக்குப் போவது

குன்னூர்

அன்புள்ள சுந்தரம்,

நலம், நலமறிய ஆவல். மூட்டுவலி குறைந்ததென்று நீ எழுதியிருந்தது நிம்மதி தந்தது. தாம்பரத்தில் சில நிமிடங்களுக்கொரு மின்சார ரயிலைப் பார்த்துப் பழகிய நீ, எங்கள் மலை ரயிலையும் உள்ளூர் மக்களுக்காக அப்படி ஓட்டினால் என்ன என்று கேட்டிருக்கிறாய். வெலிங்டனிலிருந்து ஊட்டிக்குப் பல ஆண்டுகள் சீசன் டிக்கெட்டில் போய்வந்தவன் என்ற உரிமையில் பதில் எழுதுகிறேன்.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரையுள்ள 46 கி.மீ. பாதையை ஒன்றாகப் பார்க்காதே. கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை ஏறத்தாழ 12 அடிக்கு ஓரடி என்ற ஏற்றம். இரு தண்டவாளங்களுக்கு நடுவே பதித்த பற்சட்டத்தில் எஞ்சினின் பற்சக்கரம் கவ்விக்கொண்டுதான் வண்டி ஏறும். அங்கே வேகம் மணிக்கு 13 கி.மீ. அளவே. எஞ்சின் பின்னாலிருந்து தள்ளுகிறது. ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் ஒரு பிரேக்ஸ்மேன் கொடியோடு நிற்கிறார். இடையிடையே தண்ணீர் பிடிக்கவும் நிறுத்தியாக வேண்டும். நான்கைந்து பெட்டிகள் மேலேற இத்தனை ஆட்களும் இத்தனை நேரமும் செலவாகும்போது, இந்தப் பகுதியில் அலுவலகம் போகிறவர்களுக்கு வண்டி விடுவது நடக்கிற காரியமில்லை.

குன்னூருக்கு மேல் கதை வேறு. 1908-ல் ஊட்டி வரை நீட்டிய இந்தப் பகுதியில் பற்சட்டம் கிடையாது. டீசல் எஞ்சினே போதும். வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று ஊர்களும் வழியிலேயே இருக்கின்றன. தினப்பயணம் பொருந்துமானால் இங்கேதான் பொருந்தும். ஆனால் ஒற்றைப் பாதை: எதிரே ஒரு வண்டி வருமானால், அது கடக்கும் வரை வழி நிலையத்தில் காத்திருக்க வேண்டும். கீழிருந்து வரும் நீராவி வண்டி தாமதித்தால், குன்னூரில் எஞ்சின் மாற்றி அது மேலே போகும் வரை மற்ற வண்டிகளின் நேரமும் கலைகிறது. கையெழுத்துப் பதிவேட்டில் சிவப்பு மை விழுமே என்று நாங்கள் கடிகாரத்தைப் பார்த்திருக்க, பக்கத்து இருக்கையில் சுற்றுலா வந்த குடும்பம் வண்டி இன்னும் மெதுவாகப் போகாதா என்று ஏங்கும்; இருவரையும் ஒரே பெட்டியில் திருப்திப்படுத்த எந்தக் கால அட்டவணையாலும் ஆகாது. மே மாதத்தில் எங்களுக்கு நிற்கவே இடமிருக்காது. பஸ்ஸில் போகலாமே என்பாய். பலர் அப்படித்தான் மாறிவிட்டார்கள்.

2005-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமான பிறகு, மீட்டர் பாதையை அகலமாக்குவது என்ற பேச்சுக்கே இடமில்லை. அது எனக்குச் சம்மதமே. ஆனால் பழமையைக் காப்பதில் சிரமமும் உண்டு: பழைய எஞ்சினுக்கு உதிரிபாகம் கடையில் கிடைக்காது. திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் செய்துதான் வர வேண்டும்.

நீ வருவதானால் தை பிறந்த பின் வா. ஐப்பசி, கார்த்திகையில் கல்லாற்றுக்கு மேலே மண் சரிந்தால், கையில் ரயில் டிக்கெட்டோடு மேட்டுப்பாளையத்தில் பஸ் தேட வேண்டியிருக்கும்.

அன்புடன்,
ராமநாதன்