ஆர்லிலிருந்து மகளுக்கு

அன்புள்ள கண்ணம்மா,

நேற்று போனில், "என்னப்பா சமைச்சீங்க?" என்று கேட்டாய். நான் பதில் சொல்ல ஆரம்பிப்பதற்குள் உனக்கு மெத்ரோ வந்துவிட்டது. நீ என்ன சாப்பிட்டாய் என்று நான் கேட்டதற்கு, "ஏதோ சாப்பிட்டேன்" என்றாய். அந்த 'ஏதோ' என்ன என்று எனக்குத் தெரியும். டப்பாவில் அடைத்த பாஸ்தா சாலட், இல்லாவிட்டால் ஒரு பொட்டலம் சிப்ஸ். பாரிசில் ஆறாவது மாடியில், துத்தநாகக் கூரைக்கு நேர் கீழே, அடுப்பைப் பற்றவைக்க மனம் வராதுதான். ஆனால் கோடை முழுக்க இப்படியே ஓட்டினால் உடம்பு என்ன ஆகும்? அதனால் எங்கள் வீட்டில் இந்த வெயிலை எப்படிச் சமாளிக்கிறோம், என்ன சாப்பிடுகிறோம் என்று விரிவாகவே எழுதுகிறேன். ஆற அமரப் படி.

இங்கே தெற்கு பிரான்சில், ஆர்ல் ஊரில், எல்லா வேலையும் காலை ஒன்பது மணிக்குள் முடிந்துவிட வேண்டும். விடியும்போது எல்லா ஜன்னலும் திறந்திருக்கும். வெயில் தெருவுக்கு இறங்கியதும் மரக்கதவுகளைச் சாத்திவிடுவோம். பிறகு இரவு ஒன்பதரைக்கு, சூரியன் போன பின்தான் திறப்பது. அடுப்பும் அப்படித்தான். காலையில் ஒரு முறை பற்றவைத்தால் அன்றைக்கு அவ்வளவுதான். மத்தியானம் ஆறியது, இரவு அதிலேயே மீதி, கூட ஒரு முட்டை, ரொட்டி, பழம். நீயும் வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு மணி நேரம் இதற்கு ஒதுக்கு. சாயங்காலம் களைத்து, வியர்த்து வந்து அடுப்பு முன்னால் நிற்காதே. வெயில் காலத்தில் அடுப்பைக் குறைத்துக்கொள்ளலாம், சமையலை விட்டுவிடக் கூடாது.

சனிக்கிழமை பூல்வார் தே லீஸ் சந்தை உனக்கு நினைவிருக்கும். ஜூலை முதல் வாரத்தில் புகைப்பட விழா தொடங்கிவிட்டால் ஊரே வெளியூர்க்காரர்களால் நிறைந்துவிடும், பத்து மணிக்கு மேல் சந்தையில் நடக்கவே முடியாது. நான் எட்டு மணிக்கே பை எடுத்துக்கொண்டு போய்விடுவேன். இப்போது கத்தரிக்காய், குர்ஷெத் (சுக்கினி), குடமிளகாய், தக்காளி எல்லாம் ஒரே நேரத்தில் குவிகின்றன. பீச்சும் ஆப்ரிகாட்டும் பழுத்து, தொட்டாலே கன்றிவிடும் போல இருக்கின்றன. பக்கத்துக் கவையோன் ஊர் முலாம்பழம் வாங்கும்போது தூக்கிப் பார், அளவுக்கு மீறிக் கனக்க வேண்டும். காம்பைச் சுற்றி மெல்லிய விரிசல் விட்டிருந்தால் அன்றைக்கே சாப்பிடலாம். 1864-ல் ஒரு பெரிய நாவலாசிரியர் தன் புத்தகங்களைக் கவையோன் நூலகத்துக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு ஆண்டுதோறும் 12 முலாம்பழம் கேட்டு வாங்கினார். நல்ல பழமாகக் கிடைத்தால் அந்த வியாபாரம் நியாயம்தான் என்று உனக்கும் தோன்றும்.

பாரிசில் உனக்குப் பக்கத்திலேயே பர்பேஸ் சந்தை இருக்கிறது, புதனும் சனியும். மத்தியானம் கடை கட்டும் நேரத்தில் விலையை இறக்கிக் கொடுப்பார்கள். சூப்பர் மார்க்கெட் தக்காளியைவிட அது எவ்வளவோ மேல். வாங்கிய தக்காளியை மட்டும் ஃபிரிட்ஜில் வைக்காதே, மணம் போய்விடும். பெரிய துண்டாக நறுக்கி, உப்புத் தூவி, கால் மணி நேரம் அப்படியே விடு. அது விட்ட சாற்றோடு ஆலிவ் எண்ணெயைக் கலந்து, ரொட்டியால் துடைத்துச் சாப்பிடு. அதற்கு அடுப்பே வேண்டாம்.

ரத்தத்தூய் என்கிற காய்கறிக் கூட்டு செய்வதற்கு எல்லாக் காயையும் ஒன்றாகக் கொட்டிக் கிளறிவிடுகிறார்கள். அது கூழாகிவிடும். கத்தரிக்காயைத் தனியாக வதக்கி எடு, குர்ஷெத்தைத் தனியாக, குடமிளகாயைத் தனியாக. கடைசியில் வெங்காயமும் பூண்டும் தக்காளியும் சுண்டி வந்த பிறகு எல்லாவற்றையும் சேர்த்து, தைம் ஒரு கொத்து, பிரிஞ்சி இலை ஒன்று போட்டுச் சின்னத் தீயில் விட்டுவிடு. ஒரு பெரிய சட்டி செய்தால் மூன்று நாளைக்கு வரும். செய்த அன்றைவிட மறுநாள்தான் ருசி. ஜில்லென்று ரொட்டியோடு சாப்பிடலாம், இரவில் அதையே சூடாக்கி நடுவில் ஒரு முட்டையை உடைத்து ஊற்றலாம்.

அதைவிட எனக்குப் பிடித்தது பிஸ்து சூப், அதாவது பூண்டும் பாசிலிக் இலையும் இடித்த பிஸ்து விழுதைக் கலந்த காய்கறி சூப். இந்த மாதம் கொக்கோ என்கிற வெள்ளை பீன்ஸ் தோலோடு பச்சையாக வருகிறது. ஊறவைக்கத் தேவையில்லை. நானும் அம்மாவும் படியில் உட்கார்ந்து உரிப்போம். உரித்த கொட்டையை முதலில் வேகவிட்டு, பாதி வெந்ததும் உருளைக்கிழங்கு, பச்சை பீன்ஸ், குர்ஷெத், தக்காளி. எல்லாம் வெந்த பிறகு சின்ன மக்கரோனி ஒரு கைப்பிடி. கறி எதுவும் வேண்டாம். விஷயமெல்லாம் பிஸ்துவில்தான் இருக்கிறது. பூண்டு மூன்று பல், கல்லுப்பு கொஞ்சம் வைத்து முதலில் நைய இடிக்க வேண்டும். அப்புறம் பாசிலிக் இலையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடு. நம் ஊர்த் திருநீற்றுப்பச்சிலைதான் அது, இங்கே இலை பெரிதாகவும் மிருதுவாகவும் இருக்கும். உலக்கையைக் குத்தாமல் சுவரோடு சேர்த்துச் சுற்றித் தேய்த்தால் இலை கறுக்காமல் மசியும். ஆலிவ் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கடைசியில் துருவிய சீஸ். பச்சை நிறம் கெட்டியாகத் திரண்டு வரும்போது சமையலறை முழுக்க மணம் எழும்பும். இதை அடுப்பில் வைக்கவே கூடாது. சூப்பை இறக்கி, சூடு தணிந்த பிறகுதான் கலக்க வேண்டும். நான் புதுச்சேரியிலிருந்து கொண்டு வந்த கல்லுரலில் இடிக்கிறேன். உன்னிடம் உரல் இல்லை, பரவாயில்லை, மிக்சியில் இரண்டு சுற்று சுற்று. கொக்கோ கிடைக்காவிட்டால் டின்னில் வரும் வெள்ளைப் பீன்ஸ் போதும்.

சோறு இல்லாமல் என்னால் முடியாது என்பது உனக்குத் தெரியும். நல்லவேளை, அரிசி விளைகிற ஊரில் வந்து குடியேறினோம். போன வாரம் ஆர்லுக்குத் தெற்கே இருக்கும் கமார்க் சமவெளிப் பக்கம் போனோம். ஏப்ரல், மே மாதங்களில் விதைத்த நெல் இப்போது முழங்கால் உயரத்துக்குப் பச்சையாக நிற்கிறது, நடுவில் கொக்குகள். கொசுக்கடிதான் தாங்க முடியவில்லை. செப்டம்பரில் அறுவடைக்கு முன்னால் ஊரில் நெல் திருவிழா வரும். இந்த வயல்களுக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. இரண்டாம் உலகப் போர் தொடங்கியபோது அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த இந்தோசீனாவிலிருந்து (பெரும்பாலும் இன்றைய வியட்நாம்) சுமார் 20,000 பேரை வேலைக்கென்று இங்கே கொண்டு வந்தார்கள், பெரும்பாலானோரை வலுக்கட்டாயமாக. 1941-க்குப் பிறகு அவர்களில் சிலரைக் கமார்க்கில் இறக்கி நெல் பயிரிட வைத்தார்கள். அவர்கள் கைப்பழக்கத்தில்தான் இங்கே நெல் சாகுபடி மறுபடி நிலைத்தது. கமார்க்கில் உள்ள சாலன் த ஜிரோ என்ற ஊரில் 2014-ல் அவர்களுக்கு ஒரு நினைவுச் சின்னம் வைத்தார்கள். உன் தாத்தா சைகோனில் பிரெஞ்சுக்காரர்களிடம் வேலை பார்த்தவர் என்பதால் அந்த இடத்தில் நின்றபோது எனக்கு மனசு கனத்தது. அந்த மக்களின் பெயர் அரிசிப் பையில் எங்கும் இல்லை. சாப்பிடுகிற நாமாவது நினைத்துக்கொள்ள வேண்டும்.

அந்த உருண்டை அரிசியில் பழைய சோறு அருமையாக வருகிறது. இரவு மீந்த சோறு ஆறியதும் தண்ணீர் ஊற்றி மூடி வைப்பேன். ஆனால் உன் அறைச் சூட்டில் அதை வெளியே வைக்காதே, கெட்டுவிடும், ஃபிரிட்ஜிலேயே வை. காலையில் அரபுக்காரர் கடையில் கிடைக்கும் லெபென் என்கிற மோர் ஊற்றிப் பிசைந்தால் நம் மோர்ச்சோறுதான். கடித்துக்கொள்ள முள்ளங்கியும் சின்ன வெங்காயமும். இதைக் குடித்துவிட்டு ஆபீசுக்குப் போ, மத்தியானம் வரை தாங்கும்.

அம்மா இந்த வாரம் வடவம் போட்டுவிட்டாள். மிஸ்திரால் காற்று அடித்தால் வானம் துடைத்துவிட்டது போல இருக்கும், ஈரம் என்பதே இருக்காது, புதுச்சேரியைவிட இங்கே சீக்கிரம் காய்கிறது. வெங்காயத்தையும் பூண்டையும் ஒன்றிரண்டாக இடித்து, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள் சேர்த்து, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டினாள். பகலில் தட்டில் பரப்பி மொட்டை மாடியில் வைப்பதும், சாயங்காலம் உள்ளே எடுத்து உதிர்த்து மறுபடி உருட்டுவதும் என் வேலை. காற்று தட்டையே தூக்கிக்கொண்டு போகும், நாலு மூலையிலும் கல் வைத்திருக்கிறேன். முதல் நாள் ஈரமாய் வெளுத்திருந்தது இப்போது கறுத்து இறுகிவிட்டது. வேகவைத்த பச்சை பீன்சில் இதை ஒரு துண்டு தாளித்துப் போட்டால் வேறு எதுவும் வேண்டாம்.

பக்கத்து வீட்டு மதாமுக்கு எண்பது தாண்டிவிட்டது. தோட்டத்துக் குர்ஷெத்தைக் கூடையோடு கொண்டு வந்து வாசலில் வைத்துவிட்டுப் போகிறார். பூவோடு இருந்தால் அம்மா கடலை மாவில் தோய்த்து பஜ்ஜி போட்டுத் திருப்பி அனுப்புகிறாள். நான் தினமும் மத்தியானம் ஒரு கிண்ணம் சூப்போடு போய்க் கதவைத் தட்டுவேன். சாப்பிட்டாரா, தண்ணீர் குடித்தாரா என்று பார்க்க அது ஒரு சாக்கு. 2003 ஆகஸ்ட் வெயிலில் இந்த நாட்டில் ஏறக்குறைய 15,000 பேர் செத்துப்போனார்கள். அதிகமும் வயதானவர்கள், பலர் தனியாக இருந்தவர்கள். அதற்குப் பிறகுதான் தனியாக இருக்கும் முதியவர்களின் பெயரை மேரியில் (நகராட்சி அலுவலகத்தில்) எழுதி வைத்து, கடும் வெயில் நாட்களில் போன் செய்து விசாரிக்கும் ஏற்பாடு வந்தது. மதாமின் பெயரை நான்தான் அழைத்துப் போய்ப் பதிந்தேன். உன் கட்டடத்திலும் அப்படி ஒருவர் இருப்பார். யாரென்று விசாரித்து வைத்துக்கொள், வாரத்துக்கு இரண்டு தடவை கதவைத் தட்டு. உனக்கும் மயக்கமோ தலைவலியோ வந்தால் சமாளித்துவிடலாம் என்று இருக்காதே, அவசர மருத்துவ உதவிக்கு 15-ஐக் கூப்பிடு. இரவில் அறை தாங்கவில்லை என்றால் பூங்காவுக்குப் போ, வெயில் எச்சரிக்கை நாட்களில் பாரிசில் சில பூங்காக்களை ராத்திரியும் திறந்து வைக்கிறார்கள். தோழி யாரையாவது கூட்டிக்கொண்டு போ.

ஆகஸ்ட் கடைசியில் மாணிக்க விநாயகர் கோயில் தேருக்கு நானும் அம்மாவும் பாரிஸ் வருகிறோம், டிக்கெட் எடுத்தாகிவிட்டது. வடவமும் சிவப்பரிசியும் கொண்டு வருகிறோம். தேர் முடிந்ததும் லா ஷப்பேலில், தமிழ்க் கடைகள் இருக்கும் பகுதியில், முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாங்கிக்கொண்டு உன் அறைக்குப் போய்ச் சமைக்கலாம், இங்கே அதெல்லாம் கிடைப்பதில்லை. உன்னிடம் இருக்கிற பெரிய சட்டி எத்தனை லிட்டர் என்று பார்த்துச் சொல். மூன்று பேருக்குப் பத்தாது என்றால் இங்கிருந்தே ஒன்று எடுத்து வருகிறேன்.

அன்புடன்,
அப்பா