வெளுத்த பம்பரும் பலோடி வெயிலும்

அன்புள்ள அம்மிணிக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உன் மஹிந்திரா தார் ஜீப்பின் முன்பம்பரும் மட்கார்டு விளிம்புகளும் சாம்பல் பூத்துப்போயிருக்கின்றன. எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் புதிது மாட்டலாமா, கறுப்புப் பெயின்ட் அடித்துவிடலாமா என்று கேட்டிருந்தாய். இரண்டும் வேண்டாம். விரிசல் விட்ட இடது விளிம்பை மட்டும் மாற்று; மற்றவற்றுக்குச் சாயம் ஏற்று. போனில் சொன்னால் பாதி மறந்துவிடும் என்பதால் காரணத்தோடு எழுதுகிறேன்.

கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் பெயின்ட் அடித்தே உன்னைப் படிக்க வைத்தேன். ஆனால் நான் அடித்ததெல்லாம் பெரும்பாலும் தகரம். தகரத்தை உப்புத்தாளால் தேய்த்து, பட்டி பார்த்து, பிரைமர் அடித்தால் பெயின்ட் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். பம்பருக்கும் விளிம்புக்கும் பெரும்பாலும் போடுவது பாலிபுரொப்பிலீன் கலந்த பிளாஸ்டிக். அதன்மேல் சாதாரணப் பெயின்ட் தாமரை இலைத் தண்ணீர்தான். பிளாஸ்டிக்குக்கென்றே ஒட்டுப் பிரைமர் விற்கிறார்கள். அதை மெல்லியதாக அடித்து, டப்பாவில் போட்டிருக்கும் நேரத்துக்குள் மேல்கோட்டிங்கை இரண்டு மூன்று தடவையாக அடித்தால் நிற்கும். இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் நீ போகிற தடத்தில் இருபுறமும் சீமைக்கருவேல் மண்டிக்கிடக்கிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். முள் ஒரு கோடு இழுத்தால் போதும், அந்தக் கோட்டிலிருந்து பெயின்ட் உரியத் தொடங்கும். கறுப்புத் தோலுக்கு அடியில் சாம்பல் திட்டுத் திட்டாகத் தெரியும். வெளுத்த பம்பரைக்கூடப் பார்க்கலாம், பெயின்ட் உரிந்த பம்பரைப் பார்க்க முடியாது.

அது ஏன் வெளுக்கிறது என்பதைத் தெரிந்துகொள். சூடு மட்டும் காரணமில்லை. உங்கள் பட்லா சோலார் பார்க்கை அந்த ராஜஸ்தான் பாலைவனத்தில் கொண்டுபோய் வைத்ததே அவ்வளவு வெயில் இருப்பதால்தானே! பக்கத்துப் பலோடியில் 2016 மே 19 அன்று 51 டிகிரி பதிவானது. அந்த வெயிலில் வரும் புற ஊதாக் கதிர்தான் பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை மேற்பரப்பில் அறுக்கிறது. கறுப்புக்காகக் கலக்கும் கார்பன் தூள் பெருமளவு காப்பாற்றும், ஆனால் காலத்துக்கும் அல்ல. மேல்தோல் பொடிந்து நுண்ணிய விரிசல் விடுகிறது, உறுதிக்காகக் கலந்த டால்க் என்ற மாக்கல் தூள் வெளியே தலைகாட்டுகிறது, அதன்மேல் மணற்காற்று வேறு உரசுகிறது. அதனால்தான் வெள்ளை. எந்த நிறுவனத்து வண்டியானாலும் பெயின்ட் இல்லாத பிளாஸ்டிக்குக்கு இதுதான் நேரும். நல்ல செய்தி என்னவென்றால், கெட்டது மேல்தோல் மட்டும்தான். அடியில் கறுப்பு அப்படியே இருக்கிறது. அதற்காக உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடாதே. சொரசொரப்பு போய்விட்டால் திரும்ப வராது.

சூடான காற்றை ஊதும் ஹீட் கன் காட்டினால் கறுப்பாகிவிடும் என்று அங்கே ஒருவர் சொன்னதாக எழுதியிருந்தாய். ஆகும். மேல்தோல் லேசாக உருகி மூடிக்கொள்ளும், பார்க்கப் புதிதுபோல் இருக்கும். சில மாதங்களில் மறுபடி வெளுக்கும். கை ஓரிடத்தில் கொஞ்சம் அதிகமாக நின்றால் வளைந்துவிடும், பக்கத்துப் பெயின்ட்டும் கருகும். யாரையும் செய்யவிடாதே. பளபளப்புக்கு விற்கும் சிலிக்கோன் எண்ணெயும் வேண்டாம். இரண்டு தடவை கழுவினால் போய்விடும், அதுவரை புழுதியையெல்லாம் இழுத்து ஒட்டவைத்துக்கொள்ளும். பிறகு அந்த இடத்தில் எதை ஏற்றினாலும் பிடிக்காது.

சாயத்துக்குக் கார் மெருகேற்றும் கடையில் டிரிம் ரெஸ்டோரர் என்று கேள். அந்தப் பெயரில் எண்ணெயையும் விற்கிறார்கள். கறுப்பு நிறமி சேர்ந்த, தடவியபின் உலர்ந்து இறுகுகிற வகையாகப் பார்த்து வாங்கு. வேலையில் முக்கால் பங்கு கழுவுவதுதான். சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷும் வைத்துச் சொரசொரப்புக்குள் இருக்கும் மணலையும் பழைய பாலிஷையும் வெளியேற்று. காய்ந்தபின் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த வெள்ளைத் துணியால் துடை. துணி அழுக்காகாமல் வரும்வரை துடை. தின்னர் வேண்டவே வேண்டாம். பாடியின் ஓரங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு, நிழலில், காற்றடிக்காத காலை நேரத்தில், பஞ்சால் மிக மெல்லியதாகத் தேய்த்து ஏற்று. முதலில் கண்ணில் படாத ஒரு மூலையில் செய்து பார். ஏற்றியபின் ஒரு நாளாவது தண்ணீர் படக்கூடாது.

பெயின்ட் அடித்தே தீருவேன் என்றால் வைப்பருக்கு அடியில் இருக்கும் பட்டையில் அடித்துக்கொள். வெயில் நேராக விழும் இடம் அது, முள் எட்டாது. மூச்சுக்கவசம் இல்லாமல் மட்டும் ஸ்பிரேயைத் தொடாதே. துணியைக் கட்டிக்கொள்வது கவசமாகாது. ஆவியை வடிக்கும் கேட்ரிட்ஜ் வைத்ததாக வாங்கு. எங்கள் தலைமுறைப் பெயின்டர்கள் எத்தனை பேர் இருமிக்கொண்டிருக்கிறார்கள் என்று உனக்குத் தெரியும்.

இடது விளிம்பைப் பற்றிச் சொல்கிறேன். அதை ஒட்டவைத்துக் காலம் தள்ளாதே. ஓட்டத்தில் பிய்ந்து டயரில் சிக்கினால் ஆபத்து. புதிதை வாங்கும்போது கிளிப்புகளைக் கூடுதலாக வாங்கு, கழற்றும்போது பழையவற்றில் பல உடையும். ஸ்குரூ டிரைவரால் நெம்பாமல் பிளாஸ்டிக் நெம்பியால் கழற்று. அதைவிட முக்கியம், கழற்றிய இடத்தில் தகரத்தைப் பார்ப்பது. விளிம்புக்குப் பின்னால் மணலும் சேறும் அடைந்து ஈரத்தைப் பிடித்துவைத்திருக்கும், உரசி உரசிப் பெயின்ட்டையும் தின்றிருக்கும். துரு இருந்தால் சுரண்டி, துருத் தடுப்புப் பிரைமர் அடித்து, அது நன்றாகக் காய்ந்தபிறகே புதியதை மாட்டு. பிளாஸ்டிக் வெளுத்தால் வண்டிக்கு ஒன்றும் ஆகாது. தகரம் துருப்பிடித்தால்தான் கவலை.

கழற்றிய விளிம்பின் உள்பக்கத்தில் பிபி, ஈபிடிஎம், டி20 என்பதுபோல ஆங்கில எழுத்துகள் அச்சாகியிருக்கும். பிபி என்றால் பாலிபுரொப்பிலீன், ஈபிடிஎம் ஒரு வகை ரப்பர், டி20 என்றால் இருபது சதவீதம் டால்க். அதையும் அந்த இடத்துத் தகரத்தையும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்பு. எந்தப் பிரைமர் என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரை புதிய விளிம்பை மாட்டாதே.

அன்புடன்,
அப்பா