காப்பு வேண்டாம், காவலூருக்கு வாங்க

வேலூர்
பிப்ரவரி 1

அன்புள்ள ரேவதி,

உன் கடிதம் வந்தது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. கோமதி மறுபடியும் வீடு மாறிவிட்டாள். கதையை அவளிடமே கேட்டுக்கொள்.

காதலர் தினத்துக்கு அண்ணனுக்குச் சீட்டுப் பணத்தில் தங்கக் காப்பு வாங்கப் போகிறாயாமே? சவரன் ஒரு லட்சத்தைத் தாண்டிக் கிடக்கிற நேரத்தில்! சரி, உன் பணம், உன் புருஷன். ஆனால் மெஷினில் நிற்கிறவர் அதைக் கையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போக முடியுமா? மூன்று பக்கத்தில் எடை எழுதியிருக்கிறாய், டிசைன் எழுதியிருக்கிறாய், செய்கூலி சேதாரம்கூட எழுதியிருக்கிறாய். அண்ணன் என்ன பேசினார் என்று ஒரு வரி இல்லை. கடைசியில் போகிற போக்கில், 'ஷிஃப்ட் மாறி மாறி வருது, சேர்ந்து சாப்பிட்டே ரொம்ப நாளாச்சு' என்று ஒரு வார்த்தை. அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசே சரியில்லை ரேவதி.

பொங்கல் கழித்து ஒரு சனிக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் காவலூர் போனோம். ஆலங்காயம் தாண்டி ஜவ்வாது மலையில் இருக்கிற வைணு பாப்பு வானாய்வகம். 1986-ல் வைத்த 2.3 மீட்டர் தொலைநோக்கி அங்கேதான் இருக்கிறது. யுரேனஸுக்கு வளையம் இருப்பது 1977-ல் தெரியவந்தபோது, அதை அங்கிருந்தும் பதிவு செய்திருக்கிறார்கள். பெரிய தொலைநோக்கியெல்லாம் விஞ்ஞானிகளுக்கு. சனிக்கிழமை வானம் தெளிவாக இருந்தால் சின்னதில் நமக்கும் காட்டுகிறார்கள்.

இருட்டில் வரிசையில் நின்றோம். வியாழன் பட்டாணி அளவுக்குத் தெரிந்தது. வெளிர் மஞ்சள், குறுக்கே மங்கலாக இரண்டு பழுப்புப் பட்டை, பக்கத்தில் ஒரே கோட்டில் புள்ளி புள்ளியாக அதன் நிலாக்கள். இவர் கண்ணை எடுக்கவே இல்லை. பின்னால் நின்ற பையன் 'அங்கிள்' என்று தோளைத் தட்ட வேண்டியதாயிற்று. இதே நிலாக்களைத்தான் 1610-ல் கலிலியோ பார்த்தார் என்று அங்கிருந்தவர் சொன்னாரோ இல்லையோ, மலை இறங்குகிற வரை இவர் வாய் ஓயவில்லை. சின்ன வயதில் குடியாத்தத்தில் மாமனாரோடு மொட்டைமாடியில் படுத்துக் கதை கேட்டது, ஒருநாள் மழை வந்து பாயோடு ஓடியது... எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து காதில் விழாத கதைகள். கடைவீதியில் எனக்குப் பத்தடி முன்னால் நடக்கிற மனுஷன், நீதான் பார்த்திருக்கிறாயே! போன வருஷம் எடுத்துக் கொடுத்த பட்டுப்புடவை எனக்கு உயிர். ஆனால் அதைக் கட்டிக்கொண்டு நான் நின்றபோது 'நல்லா இருக்கு' என்பதோடு பேச்சு முடிந்துவிட்டது. இப்போது சாப்பிட்டு முடித்ததும் மாடிக்கு வா என்று கூப்பிடுகிறார்.

இந்தத் தடவை 14-ஆம் தேதி சனிக்கிழமையாகவே வருகிறது, கவனித்தாயா? மறுநாள் சிவராத்திரி. நிலா விடிகிற நேரத்தில்தான் எழும். மாலையில் வானம் நல்ல இருட்டாக இருக்கும். அண்ணன் ஏலகிரி என்று ஆரம்பித்தால் கேட்காதே. அன்றைக்கு 14 கொண்டை ஊசி வளைவிலும் வண்டி நிற்கும், புங்கனூர் ஏரியில் படகுக்குக் காத்திருந்தே பொழுது போய்விடும். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி, வாணியம்பாடி, ஆலங்காயம் என்று நேராக வந்துவிடுங்கள். கிளம்புவதற்கு முன்னால் ஆய்வகத்துக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொள்; மேகம் இருந்தால் காட்ட மாட்டார்கள். காட்டுப் பாதை, பொழுதோடு ஏறிவிடுங்கள். ஸ்வெட்டர் முக்கியம். அங்கே போய் செல்போன் டார்ச் அடித்தாய் என்றால் வரிசையே உன்னைத் திட்டும்.

பார்த்து முடித்ததும் நேராக இங்கே வாங்க. ஞாயிற்றுக்கிழமை கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரரைப் பார்த்துவிட்டுப் போகலாம். எங்கள் வீட்டில் சிவராத்திரி விரதம், அதனால் ஆம்பூர் பிரியாணியை வருகிற வழியிலேயே முடித்துக்கொள்ளுங்கள். அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது.

அண்ணனுக்கு அன்றைக்கு எந்த ஷிஃப்ட் என்று இன்றைக்கே கேள். நைட் ஷிஃப்டாக இருந்தால் யாரிடமாவது மாற்றிக்கொள்ளச் சொல். காப்புக்கு முன்பணம் கொடுத்துவிடாதே. பதில் போடு.

அன்புடன்,
செல்வி