மெஷின் வருமுன்னே தள்ளுகட்டை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காவேரிப்பட்டணத்தில் முப்பத்தெட்டு வருடமாகத் தச்சு வேலை பார்க்கிறேன். கைத்தொழில்காரர்களுக்கு அரசு தரும் மானியக் கடன் பற்றி உங்கள் நாளிதழில் வந்ததைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு என் தங்கை மகன் போன வாரம் வீட்டுக்கு வந்தான். கலைஞர் கைவினைத் திட்டத்தில் 3 லட்சம் ரூபாய் வரை கடன் கிடைக்கும், அதில் 25 சதவீதம் மானியம், மானியம் 50,000 ரூபாயைத் தாண்டாது என்று எல்லாம் அத்துபடியாக வைத்திருந்தான். "வட்ட ரம்ப மெஷின் போடப்போறேன் மாமா, இனிமே அறுக்க வெளியில போக வேணாம்" என்றான்.

"தாராளமா போடு. ஆனா அது வர்றதுக்கு முன்னாடி ஒரு தள்ளுகட்டை செஞ்சு எடுத்துட்டு வா" என்றேன். விரல் பிளேடுக்குப் பக்கத்தில் போகாமல் மரத்தைத் தள்ள உதவும் கட்டை அது. அப்படி ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியவில்லை. பதினைந்து வருடம் வேலை செய்தவன். அதனால்தான் இந்தக் கடிதம்.

எனக்கும் ஒரு காலத்தில் தெரியாது. 1998-ல் ஒரு மரம் அறுக்கும் பட்டறையில் கூலிக்கு இருந்தேன். (அப்போது நாங்கள் தர்மபுரி மாவட்டம். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-ல்.) மாம்பழ சீசன். பெட்டி அடிக்க ரீப்பர் (ஒல்லியான நீளச் சட்டம்) அறுத்துக்கொண்டே இருந்தோம். சாயங்காலம், ஒன்றரை அங்குல அகலத்தில் ஒரு ரீப்பர், கைடுக்கும் (மரம் நேராகப் போக மேசையில் நிற்கும் தடுப்பு) பிளேடுக்கும் நடுவில் கையால் தள்ளினேன். வலி தெரியவில்லை. மரத்தூளின் நிறம் மாறியதுதான் முதலில் கண்ணில் பட்டது. இடது கை ஆள்காட்டி விரலின் மேல் கணு அன்றோடு போனது. முதலாளி கட்டுப் போட்ட செலவைக் கொடுத்தார், கையில் 500 ரூபாய் வைத்தார். அவர் கெட்டவர் இல்லை. அவருடைய விரலிலும் ஒன்று குறைவு.

பல வருடம் கழித்துத்தான் 1923-ம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தை ஒருவர் எனக்குப் படித்துக் காட்டினார். ஆள்காட்டி விரல் முழுதாகப் போனால் சம்பாதிக்கும் திறனில் 14 சதவீத இழப்பு, மேல் கணு மட்டும் போனால் 9, கட்டைவிரல் போனால் 30. விரலுக்கு விரல் விலைப்பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். என்னுடையது 9 சதவீதம். உளி பிடிக்கும்போது எனக்கு அது இன்னும் அதிகமாகத் தெரியும்.

இனி தள்ளுகட்டை. முக்கால் அங்குல பிளைவுட் துண்டு, அல்லது நார் ஓட்டம் நேராக உள்ள ஏதாவது ஒரு மரத்துண்டு, ஒன்றேகால் அடி நீளம். ஒரு முனையை உள்ளங்கைக்கு வசதியாக உருட்டிவிட வேண்டும். மறு முனையில் காக்காய் மூக்கு திறந்த மாதிரி ஒரு வெட்டு. மேல் அலகு ரீப்பரின் முதுகை மேசையோடு அமுக்கும், கீழ் அலகு பின்னாலிருந்து தள்ளும். கீழ் அலகு ரீப்பரின் கனத்தைவிடக் குட்டையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மேல் அலகு அமுக்காது. இரும்பில் செய்யக்கூடாது. பிளேடில் பட்டால் மரம் சீவுப்படும், அவ்வளவுதான். இரும்பு பட்டால் பல் உடைந்து முகத்துக்கு வரும். பட்டறையில் கூட்டித் தள்ளுகிற கழிவுதான், பைசா செலவில்லை. நான் சிவப்புப் பெயின்ட் அடித்து, மெஷின் காலிலேயே ஆணி அடித்து மாட்டியிருக்கிறேன். எட்டு அடி தள்ளி அலமாரியில் வைத்தால் எவனும் போய் எடுக்க மாட்டான், நான் உட்பட. அறுக்கும் துண்டு அரை அடிக்குக் குறைவான அகலம் என்றால் கை உள்ளே போகக்கூடாது என்பது என் பட்டறைச் சட்டம்.

பிளேடின் வேகத்தைக் கணக்குப் போட்டால் இது ஏன் என்று புரியும். 250 மில்லிமீட்டர் பிளேடு நிமிடத்துக்கு 2,800 சுற்று சுற்றினால் அதன் பல் மணிக்கு 130 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. பெங்களூரு நெடுஞ்சாலையில் அந்த வேகத்தில் வரும் வண்டிக்கு முன்னால் கையை நீட்டுவோமா?

இரண்டாவது, ஆப்பு. பிளேடின் முன்பக்கப் பல் கீழே இறங்கும், பின்பக்கப் பல் மேலே எழும்பும். ஈரம் காயாத வேம்போ வாகையோ அறுத்தால், அறுத்த வாய் பின்னால் மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வும். எழும்பும் பல் மரத்தைத் தூக்கி நம் மேலேயே வீசும், வயிற்றில் வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். பிளேடுக்குப் பின்னால், அதே நேர்கோட்டில், அறுபட்ட வாயின் கனத்துக்கு மிகாத ஒரு கெட்டி மரப்பட்டையை நிறுத்திவிட்டால் வாய் மூடாது. புது மெஷின் பலவற்றில் இதைக் கம்பெனியே வைத்துத்தான் தருகிறது. நம் ஆட்கள் முதல் நாளே இடைஞ்சல் என்று கழற்றிப் பரணில் போடுகிறார்கள். தயவுசெய்து கழற்றாதீர்கள், கழற்றியவர்கள் தேடி எடுங்கள்.

மூன்றாவது, சீப்புக் கட்டை. பலகை முனையைச் சாய்வாக வெட்டி, கால் அங்குலத்துக்கு ஒன்றாக நீளக் கீறிவிட்டால் சீப்பு மாதிரி வளைந்து கொடுக்கும். ரீப்பரைக் கைடோடு அமுக்கிப் பிடிக்கும், பின்னால் வரவிடாது. இதைப் பிளேடுக்கு முன்னால்தான் வைக்க வேண்டும். பக்கவாட்டில் பிளேடை ஒட்டி வைத்தால் மரத்தைப் பிளேடின் மேலேயே நெருக்கி, எதைத் தடுக்க வைத்தோமோ அதையே வரவழைக்கும். இதைச் சொல்லாமல் சீப்புக் கட்டை செய்யக் கற்றுக்கொடுப்பது பாவம்.

காசு மிச்சம் என்று பார்த்தால் கிளாம்ப் (ஒட்டிய மரத்தை இறுக்கிப் பிடிக்கும் கருவி) விஷயம்தான் பெரிது. கட்டில் சட்டம் ஒட்ட நீளக் கிளாம்ப் நாலு வேண்டும். நான் வாங்கவே இல்லை. நாலு மூலையையும் சுற்றிக் கயிறு கட்டி, நடுவில் ஒரு குச்சியைச் செருகி முறுக்கினால் போதும். பலகைகளைச் சேர்த்து ஒட்ட, அவற்றின் இரு பக்கமும் இரண்டு ரீப்பரை அடித்து, இடைவெளியில் எதிரெதிராக இரண்டு ஆப்பு. நாற்காலிக் கால் போன்ற கோணல்மாணலுக்கு சைக்கிள் கடையில் தூக்கிப் போடும் பழைய டியூபை ஒரு அங்குல அகலத்தில் நீளக் கிழித்து, இழுத்து இழுத்துச் சுற்றுவேன். ஃபெவிகால் காயும்வரை அசையாது. கொட்டாப்புளி (உளியைத் தட்டும் மரச் சுத்தியல்) எங்கள் பக்கம் எப்போதும் புளியங்கட்டைதான், புளிய மரத்துக்கு இங்கே என்ன பஞ்சமா. உளி, லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டாவில் செய்தது. காந்தம் ஒட்டாத அளவுக்குச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்து, பிறகு மெருகேற்றி மறுபடி இளஞ்சூட்டில் வைக்கோல் நிறம் வரும்வரை பதப்படுத்தினால் வருடக்கணக்கில் உழைக்கும். அதைக் கொல்லுப்பட்டறையில் செய்துவாங்குவேன். பழைய அரத்தை மட்டும் நெம்புகோலாகப் போடாதீர்கள், கண்ணாடி மாதிரி படாரென்று உடையும்.

எல்லாவற்றையும் நாமே செய்துகொள்ளலாம் என்று நான் சொல்லவில்லை. இப்போது சின்னப் பையன்கள் நாலு அங்குல கட்டரை (கையில் பிடித்து அறுக்கும் சின்ன மெஷின்) பிளைவுட்டுக்கு அடியில் கவிழ்த்து மாட்டி, சுவிட்சைக் கம்பியால் கட்டிவிட்டு, அதையே ரம்ப மெஷின் என்கிறார்கள். அது நிமிடத்துக்கு 12,000 சுற்றுக்குக் கிட்டத்தட்ட ஓடும். கையில் பிடித்து அறுக்கச் செய்த சாமான், விட்டால் நிற்கத்தான் அதில் அந்த சுவிட்ச். அதைக் கட்டிவிட்டால், அவசரத்துக்கு மேசைக்கு அடியில் கையை விட்டுத் தேட வேண்டும். இரும்பு தேய்க்கும் கை கிரைண்டரில் மூடியைக் கழற்றிவிட்டு மரப் பிளேடு மாட்டுவதும் இதே ரகம். இன்னொன்று, கையுறை. நல்லெண்ணத்தோடு யாரோ எங்களுக்கெல்லாம் ஒரு முறை கையுறை கொடுத்தார்கள். சுற்றுகிற பிளேடுக்குப் பக்கத்தில் கையுறை ஆகாது. நூல் ஒன்று சிக்கினால் விரலோடு போகாது, கையையே இழுக்கும். தோளில் துண்டும் அப்படித்தான்.

நான் கேட்பது ஒன்றுதான். கடன் கொடுத்து மெஷின் வாங்க வைக்கும்போது, பணம் கைக்கு வருமுன் ஒரே ஒரு மதியம் எங்கள் மாதிரி ஆட்களை உட்காரவைத்து தள்ளுகட்டை, ஆப்பு, சீப்புக் கட்டை மூன்றையும் அவரவர் கையால் செய்யவைக்கட்டும். கிருஷ்ணகிரி, ஓசூர், தர்மபுரி ஐ.டி.ஐ.களில் படிக்கும் பையன்களுக்கும் மெஷினைத் தொடுமுன் இதுவே முதல் பயிற்சியாக இருக்கட்டும். கற்றுக்கொடுக்க விரல் குறைந்த தாத்தாக்கள் இந்த மாவட்டத்தில் நிறைய இருக்கிறோம், சம்பளம் கேட்க மாட்டோம், டீ போதும்.

என் மருமகன் நேற்று அவன் செய்த தள்ளுகட்டையைக் கொண்டுவந்தான். மூக்கு ரொம்பக் குட்டை, பிடி என் விரலுக்கே உறுத்துகிறது. திருப்பி அனுப்பிவிட்டேன், மெஷின் வர இன்னும் பத்து நாள் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு தச்சுத் தொழிலாளி,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.